கால்பந்துத் திருவிழாவும் கஃபாலாச் சட்டமும்

2022 டிசம்பர் 18ஆம் நாள் இரவு, கத்தரின் லுஸைல் அரங்கில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் நின்றன. பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா வென்றது. கோப்பையைக் கையில் வாங்குமுன் அணித்தலைவர் மெஸ்ஸியின் தோள்மீது அமீர் ஷைகு தமீம் கறுப்பு பிஷ்த் ஒன்றைப் போர்த்தினார். அரபுப் பெருமக்கள் விழா நாட்களில் அணியும் அந்த மெல்லிய மேலங்கி மரியாதையா, அத்துமீறலா என்று உலகப் பத்திரிகைகள் எழுதிக் குவித்தன. விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்திப் பழகிய நமக்கு அதில் வியப்பதற்கு எதுவுமில்லை. விசாரிக்க வேண்டியது வேறொன்று. ஆட்டங்கள் 64, நாட்கள் 29. ஆயத்தமோ, 2010 டிசம்பர் 2இல் ஜூரிச் நகரில் ஃபிஃபா செயற்குழு பதினான்குக்கு எட்டு என்ற வாக்குகளில் அமெரிக்காவை விடுத்துக் கத்தரைத் தெரிந்தெடுத்த நாள்தொட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள். அத்தனையும் கடந்த பின்னர் அந்நாட்டில் நிலைத்து நிற்பது யாது?

இக்கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை அரங்குகளைப் பற்றியது. அதனை முதலில் பார்த்துவிடுவோம். எட்டு அரங்குகளில் ஆட்டங்கள் நடந்தன. 1976இல் எழுந்த கலீஃபா அரங்கு புதுப்பிக்கப்பட்டது. ஏனையவை இப்போட்டிக்கென எழுப்பப்பட்டவை. அல்கோர் நகரின் அல்பைத் அரங்கு பாலைவனக் கூடாரத்தின் வடிவம். துமாமா அரங்கு, தலைத்துணிக்கு அடியில் அரபியர் அணியும் கஹ்ஃபிய்யாத் தொப்பியின் வடிவம். வக்ராவின் ஜனூப் அரங்கு பாய்மரக் கலங்களை நினைவூட்டுவது. துறைமுகத்தின் அருகே 974 கப்பல் பெட்டகங்களைக் கொண்டு ஓர் அரங்கு எழுந்தது; 974 என்பது அந்நாட்டின் தொலைபேசிக் குறியெண்ணும் ஆகும். போட்டி முடிந்தபின் அதனைக் கழற்றி எடுத்துவிடுவதாகவும், பிற அரங்குகளின் மேலடுக்கு இருக்கைகளைக் கழற்றி, மொத்தம் 1,70,000 இருக்கைகளை வசதி குறைந்த நாடுகளுக்கு வழங்குவதாகவும் அறிவிப்புகள் வந்தன. கழற்றவே கட்டப்பட்ட அந்த 974ஆம் அரங்கில் 2024 டிசம்பரிலும் ஆட்டம் நடந்தது என்பது சிறிது நகைப்புக்குரிய செய்தி.

கனடாவின் மன்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக் போட்டிக்கு வாங்கிய கடனை அடைத்து முடித்தது 2006இல்தான். 2004இல் ஒலிம்பிக் நடத்திய ஏதென்சில் பல அரங்குகள் சில ஆண்டுகளிலேயே புல் மண்டிக் கிடந்தன. அத்தகைய கதி கத்தருக்கு நேரவில்லை. எரிவாயுச் செல்வம் உடைய சிறு நாடு அது. 2024 சனவரி, பிப்ரவரியில் ஆசியக் கோப்பையை அங்கேயே நடத்தி, இறுதியாட்டத்தில் ஜோர்தானைத் தோற்கடித்துத் தானே வென்றது. (உலகக் கோப்பையில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்ற முதல் விருந்தோம்பும் நாடும் அதுவே, விருந்து வைப்பவர் கடைசியில் உண்ண வேண்டும் என்னும் நம்மூர் வழக்கத்தைச் சற்று மிகையாகவே கடைப்பிடித்துவிட்டார்கள் போலும்.) 2030இல் ஆசிய விளையாட்டுப் போட்டியும் தோஹாவில் நடக்க இருக்கிறது. 2019இல் ஓடத் தொடங்கிய, ஓட்டுநரில்லாத மெட்ரோ தொடர்வண்டி இன்று அந்நகர மக்களின் அன்றாட வாகனம். சாலைகள், விமான நிலையம், லுஸைல் என்னும் புதுநகர் ஆகிய அனைத்தையும் சேர்த்து 20,000 கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று என்பது பரவலான மதிப்பீடு. அரங்குகளுக்கு ஆன செலவு அதில் சிறு பங்கே. ஆகவே, கட்டடக் கணக்கில் கத்தர் நட்டப்பட்டதா, இலாபம் கண்டதா என்பதைப் பொருளியலார் ஆராயட்டும். அந்நாட்டில் போட்டி பதித்த ஆழமான தடம் சட்டநூலில் உள்ளது என்பதே நம் கருத்து. அச்சட்டம் சுழல்வதோ அரபிக் கல்லூரி மாணவன் ஒவ்வொருவனும் ஃபிக்ஹுப் பாடத்தில் ஓதும் ஒரு சொல்லைச் சுற்றி. அச்சொல் கஃபாலா.

கத்தரின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 இலட்சம். அவர்களுள் குடியுரிமை பெற்றோர் பத்தில் ஒரு பங்கைச் சற்றே கடப்பர். உழைப்போருள் 95 விழுக்காட்டினர் வெளிநாட்டவர் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்கு. இந்தியர் மட்டுமே ஏழு இலட்சத்துக்கும் மேல். நம் தமிழகக் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டுச் சிற்றூர்களிலும் இந்த எண்ணிக்கையில் தன் வீட்டுப் பிள்ளை ஒருவரைக் காணாத தெரு அரிது. 2010இல் உலகக் கோப்பை அறிவிக்கப்பட்டபோது இவர்கள் அனைவரும் கஃபாலா முறையின்கீழ் இருந்தார்கள். அதன் செயல்முறை இது: அயல்நாட்டுத் தொழிலாளி ஒருவர் நாட்டுக்குள் வரவும் தங்கவும் ஒரு கஃபீல் வேண்டும், வேலை தருபவரே அந்தக் கஃபீல். வேறிடத்தில் வேலைக்குச் சேர அவரது தடையில்லாச் சான்று வேண்டும். விடுப்பில் ஊர் திரும்பவும், ஏன், தாயின் ஜனாஸாவுக்குப் புறப்படவும் அவரது வெளியேறும் அனுமதி வேண்டும். அவரை விட்டு அகன்றால் 'தப்பியோடியவர்' என்று புகார்; அதன்பின் சிறையும் நாடுகடத்தலும். கடவுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுதல் சட்டப்படி குற்றமாக இருந்தும், பரவலான வழக்கமாகவே இருந்தது.

இம்முறைக்குச் சூட்டப்பட்டுள்ள பெயர் நமக்கு நெருடலைத் தருகிறது. ஃபிக்ஹு நூல்களில் கஃபாலா என்பது பிணை நிற்றல். ஒருவருடைய பொறுப்போடு தன் பொறுப்பையும் இணைத்துக்கொள்ளுதல் என்பது ஹனஃபீ அறிஞர்கள் அதற்குத் தரும் இலக்கணம். ஷாஃபிஈ நூல்களில் 'ளமான்' என்னும் பாடத்தில் பொருளுக்குப் பிணை நிற்பதும் ஆளுக்குப் பிணை நிற்பதும் அடுத்தடுத்துப் பேசப்படும். இரண்டிலும் சுமை பிணை நிற்பவர் மீதே. அது ஓர் அறச்செயல். 'தபர்ருஉ' என்னும் வகையைச் சார்ந்தது. ஆகவேதான் பிணை நிற்பதற்கெனக் கூலி பெறலாகாது என்று பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் கூறினர். ஆட்பிணையில் பிணைக்கு உட்படுபவரின் இசைவு வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுப்பெற்ற கருத்து. மர்யம் (அலை) அவர்களை ஸக்கரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்று வளர்த்ததைக் குர்ஆன் குறிப்பிடும் இடத்திலும் இவ்வேர்ச்சொல்லே வருகிறது. அநாதையைப் பொறுப்பேற்பவரைக் குறிக்க நபிமொழியிலும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. காப்பும் பரிவும் தோய்ந்த சொல் அது.

வளைகுடாவின் வேலைவாய்ப்பு முறைக்கும் ஆட்பிணைக்கும் ஒற்றுமையே இல்லை என்று சொல்லிவிடவும் இயலாது. இன்னவர் என் பொறுப்பில் இருக்கிறார், வேலை முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்பிவிடுவேன் என்று வேலை தருபவர் அரசுக்குப் பிணை நிற்கிறார். அவ்வளவில் அது ஆட்பிணைதான். கோணல் அடுத்த அடியில் நேர்கிறது. அரசின்பால் கஃபீலுக்கு இருந்த கடமை, தொழிலாளியின்பால் அவருக்கு உள்ள அதிகாரமாக மாறிற்று. சுமப்பவர் ஆள்பவரானார். இம்மாற்றம் ஷரீஅத்தின் வழி வந்ததன்று. 1920களில் பிரித்தானியரின் ஆதிக்கத்தில் இருந்த பஹ்ரைனில், முத்துக்குளிக்க வந்த வெளியூர் ஆட்களைக் கட்டுப்படுத்த வகுத்த நிர்வாக ஏற்பாடுகளில் இதன் வேர் இருப்பதை ஆய்வாளர் உமர் அஷ்ஷிஹாபி விளக்கியுள்ளார். முன்பணம் கொடுத்து முத்துக்குளிப்பவரைக் கடனால் கட்டிவைத்த நாகுதாக்களின் வழக்கம் ஒருபுறம், காலனி அலுவலரின் பதிவேடு மறுபுறம். இரண்டும் கூடிப் பெற்ற பிள்ளைக்கு அரபுப் பெயர் வாய்த்தது.

தோஹாவின் முஷைரிப் பகுதியில் பின் ஜல்மூத் இல்லம் என்றோர் அருங்காட்சியகம் உண்டு, 2015இல் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் அடிமை வணிகருக்கு உரியதாக இருந்த அவ்வீட்டில் இந்தியப் பெருங்கடல் வட்டாரத்து அடிமை வணிகத்தின் வரலாற்றைக் கத்தர் தானே காட்சிப்படுத்தியிருக்கிறது. அந்நாட்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1952இல். தன் நாட்டு வரலாற்றின் இருண்ட பக்கத்தை இவ்வாறு திறந்து காட்டும் துணிவு பாராட்டத்தக்கது. இக்காலக் கட்டுமானத் தொழிலாளரின் நிலையையும் அவ்வில்லம் தொட்டுப் பேசுகிறது.

சட்டம் மாறிய வரலாற்றுக்கு வருவோம். 2014 சூனில், கட்டாய உழைப்பைத் தடுக்கத் தவறியதாகக் கத்தர்மீது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் முறையீடு பதிவாயிற்று. மூன்றாண்டு இழுபறிக்குப் பின், சீர்திருத்தத்துக்குக் கத்தர் உடன்பட்டதன்பேரில் 2017 நவம்பரில் அது முடித்து வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவ்வமைப்பின் அலுவலகமே தோஹாவில் திறக்கப்பட்டது. இடையில், 2017 சூனில் சவூதி அரேபியாவும் அமீரகமும் பஹ்ரைனும் எகிப்தும் கத்தரோடு உறவை முறித்து முற்றுகையிட்டன. அண்டை வீட்டார் கதவடைத்த நிலையில் உலகின் நல்லெண்ணம் அந்நாட்டுக்குப் பன்மடங்கு தேவைப்பட்டது. உலகக் கோப்பையின் வெளிச்சமும் முற்றுகையின் நெருக்கடியும் சேர்ந்தே சட்டத்தை நகர்த்தின என்று கருதுகிறோம். கருணை மட்டுமே காரணம் என்பாரும், நெருக்குதல் மட்டுமே காரணம் என்பாரும் பாதியையே காண்கிறார்கள்.

2018ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம், தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவோரில் மிகப் பெரும்பாலோருக்கு வெளியேறும் அனுமதியை நீக்கிற்று. 2020 சனவரியில் அச்சலுகை வீட்டுப் பணியாளருக்கும் விரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 18, 19ஆம் எண் சட்டங்கள் தடையில்லாச் சான்றை ஒழித்தன. கஃபாலாவின் இரு தூண்களும் ஏட்டில் சாய்ந்தன. 17ஆம் எண் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிறுவிற்று: 2021 மார்ச் 20 முதல் திங்களுக்கு 1,000 ரியால், உறைவிடமும் உணவும் தராவிடில் முறையே 500, 300 ரியால் மேலதிகம். அன்றைய மதிப்பில் 1,000 ரியால் என்பது சுமார் 20,000 ரூபாய். தொகை சிறிதுதான். அதன் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. எந்த நாட்டவர் என்று பாராமல் அனைவருக்கும், வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் உட்பட, ஒரே அளவு என்பது வளைகுடாவில் அதுவரை இல்லாத ஒன்று. கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துக் கூலி பேசுவதே அங்கு வழக்கமாயிருந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டின் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கத்தர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றிய அதே காலத்தில், 2020 செப்டம்பரில், வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இந்தியத் தொழிலாளருக்கென வகுத்திருந்த பரிந்துரைக் கூலியை இந்திய அரசு வெகுவாகக் குறைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வேலைவாய்ப்பைக் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. தெலுங்கானா உயர்நீதிமன்றத்தில் வழக்கு எழுந்த பின், 2021இல் அக்குறைப்பு திரும்பப் பெறப்பட்டது. அரபியரைக் குறைகூறும் மேடைகளில் இச்செய்தியை நாம் கேட்டதில்லை.

பயணத்துக்கு வாங்கும் கடனும் அப்படியே. 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்ட விதிகள் ஆள்சேர்ப்பு முகவரின் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று வரம்பு கட்டின. அதற்குப் பன்மடங்கு கொடுத்துச் சென்றவர்களை நாம் அறிவோம்; வாசகர்களும் அறிவர். வீட்டு நகையை அடகு வைத்துச் சென்றவருக்குச் சட்டம் தரும் வேலைமாற்ற உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும். கடன் தீரும்வரை அவர் அசையமாட்டார். உலகக் கோப்பைப் பணிகளை நடத்திய உச்சக்குழு இதனை உணர்ந்து, தம்மிடம் வந்த தொழிலாளர் ஊரில் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பித் தர ஒப்பந்தக்காரர்களை இசைய வைத்தது. சுமார் 49,000 பேருக்கென 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கும் மேல் ஒப்புக்கொள்ளப்பட்டது. ரசீது காட்டும்படி தொழிலாளரை அலைக்கழிக்காமல், கட்டவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் பக்கம் வைத்தார்கள். நம் பார்வையில், அரங்குகளின் வடிவழகைவிட வியக்கத்தக்க கட்டுமானம் இதுதான். ஆனால் அரங்கப் பணியாளரைக் கடந்து நாட்டின் எஞ்சிய தொழிலாளருக்கு அது எட்டவில்லை.

இனி மரணங்கள். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ், 2010 முதற்கொண்டு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டுத் தொழிலாளருள் 6,500க்கும் மேற்பட்டோர் கத்தரில் இறந்திருப்பதாக எழுதிற்று. இவ்வெண் பின்னர் உலகெங்கும் தவறாகவே எடுத்தாளப்பட்டது. அரங்கம் கட்டுகையில் 6,500 பேர் மாண்டார்கள் என்று மேடைதோறும் சொல்லப்பட்டது. அந்நாளிதழ் சொன்னது அதுவன்று. எல்லாத் தொழில்களிலும், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகளின் தொகை அது. உச்சக்குழு அரங்கப் பணிகளில் 40 இறப்புகளை ஒப்புக்கொண்டு, அவற்றுள் மூன்றே வேலையின் விளைவு என்றது. 2022 நவம்பரில் அக்குழுவின் பொதுச் செயலாளர் ஹஸன் அத்தவாதி, போட்டி தொடர்பான பரந்த பணிகளில் 400 முதல் 500 வரை இருக்கலாம் என்று தொலைக்காட்சி நேர்காணலில் கூறினார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2020 என்ற ஓர் ஆண்டை மட்டும் ஆராய்ந்து, வேலையால் இறந்தோர் 50, கடுங்காயமுற்றோர் 506 என்றது.

மூன்று என்றும் ஐந்நூறு என்றும் ஆறாயிரம் என்றும் எண்கள் இப்படி விலகுவது ஏன்? சான்றிதழில் எழுதப்படும் இரண்டு சொற்களே காரணம். இளைஞர் ஒருவர் பகல் முழுதும் வெயிலில் உழைத்து, இரவு படுக்கையில் உயிர் துறக்கிறார். உடற்கூறு ஆய்வு இல்லை. 'இயற்கை மரணம்' என்றோ 'இதயத் துடிப்பு நின்றது' என்றோ எழுதி முடிக்கப்படுகிறது. இதயம் நிற்காமல் இறப்பவர் யார்? அது இறப்பின் காரணமாகாது. இறப்புக்கு மறுபெயர் மட்டுமே. ஆனால் அச்சொற்கள் எழுதப்பட்ட அக்கணமே அது வேலை தொடர்பில்லாத மரணமாகிவிடுகிறது. இழப்பீட்டுக் கதவு அடைபடுகிறது. 2009 முதல் 2017 வரை கத்தரில் இறந்த நேபாளத் தொழிலாளரை ஆராய்ந்து 2019இல் இதயநோய் ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, இதயநோயால் இறந்தவராகக் காட்டப்பட்ட 571 பேருள் 200 பேர்வரை, தக்க வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. வெப்பம் மிகுந்த மாதங்களில் இவ்விறப்புகள் கூடுவதையும் அது காட்டிற்று.

இதன் பின்னரே 2021ஆம் ஆண்டின் 17ஆம் எண் அமைச்சக ஆணை வந்தது. சூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி தொட்டுப் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. முன்பு இருந்த தடை குறுகியது. சூன் நடுவில் தொடங்கி ஆகஸ்டுடன் முடிந்துவிடும். புது ஆணையின் மற்றொரு கூறு கடிகாரத்தைச் சாராதது: காற்றின் ஈரம், வெயிலின் தாக்கம், காற்றோட்டம் ஆகிய யாவற்றையும் கூட்டிக் கணிக்கும் வெப்ப அளவு 32.1 பாகையைக் கடந்தால் எந்த மாதமாயினும் எந்த நேரமாயினும் வேலையை நிறுத்திவிட வேண்டும். வியர்வை உலராத கடற்கரை வெப்பத்தில் உடல் தன்னைக் குளிர்விக்க இயலாது போகும் எல்லையை ஒட்டிய அளவு அது. கூலியைப் பற்றிய நபிமொழியை மேடையில் ஓதுகையில் வியர்வையை உவமையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அதை அளக்கும் கருவியும் ஒரு சட்டத்துக்குள் வந்துவிட்டது.

விளையாட்டுப் போட்டி ஒன்று சட்டத்தை விட்டுச் செல்வது புதிதன்று. அதற்கு நம் தலைநகரே சான்று. 1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. வண்ணத் தொலைக்காட்சி வந்ததையும் அப்பு என்னும் யானைக்குட்டிச் சின்னத்தையும் அக்காலத்தவர் நினைவுகூர்வர். அரங்குகளையும் மேம்பாலங்களையும் கட்டியவர்கள் வெளிமாநிலத்து ஏழைத் தொழிலாளர். அன்றைய குறைந்தபட்ச நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் எனப்படும் ஆள்பிடி மேஸ்திரி தரகாகப் பிடித்துக்கொண்டார். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் இதைக் குறித்து உச்சநீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதிற்று. அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. போட்டி தொடங்க இரு மாதங்களே இருக்கையில், செப்டம்பர் 18ஆம் நாள், நீதிபதிகள் பகவதியும் பஹாருல் இஸ்லாமும் தீர்ப்பளித்தனர். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று ஒருவர் உழைப்பாராயின், அவரை அங்கே கட்டி வைத்திருப்பது வறுமைதான். ஆகவே அது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்பது அத்தீர்ப்பின் சாரம். சங்கிலியும் சவுக்கும் இருந்தால்தான் கட்டாயம் என்ற எண்ணத்தை அது உடைத்தது. கடிதத்தை மனுவாக ஏற்கும் பொதுநல வழக்கு முறைக்கும் அது அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. அப்போட்டியின் பதக்கப் பட்டியலை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்தாளுகிறார்கள்.

ஆயினும் 2010இல் அதே டெல்லியில் காமன்வெல்த் போட்டிக்கான பணித்தளங்களில் கூலிக் குறைவும் குடியிருப்பு அவலமும் மீண்டும் தலைதூக்கின. அதே சங்கம் மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

கத்தரில் இன்று நிலைமை என்ன? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, 2020 செப்டம்பருக்குப் பின் இரண்டே ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலைமாற்றம் ஒப்பளிக்கப்பட்டது. முன்பு எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை அது. அதே வேளையில், சட்டம் கேட்காத சான்றைப் பழைய முதலாளியிடம் வாங்கி வருமாறு புது நிறுவனங்கள் கேட்பதையும், வேலை மாற விழைந்தவர்மீது 'தப்பியோடியவர்' புகார் எழுவதையும் மனித உரிமை அமைப்புகள் பதிந்துள்ளன. கூலி பாக்கிக்குத் தீர்ப்பு கிடைத்தும் பணம் கைக்கு வராத நிலையில், 2018இல் சட்டமான தொழிலாளர் ஆதரவு நிதியம் பல ஆயிரம் பேருக்குக் கைகொடுத்தது உண்மை. போட்டி முடிந்தபின் கூலி பாக்கிப் புகார்கள் ஓயவில்லை என்பதும் உண்மை. அண்டை நாடான குவைத், தனியார் துறை அயல்நாட்டுத் தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதியை 2025 சூலை 1 முதல் கட்டாயமாக்கிற்று. கத்தர் கைவிட்டது அதன் பக்கத்து வீட்டில் புதிதாகக் குடியேறுகிறது. உலகின் கண் விழும் இடத்தில் ஒரு சட்டம், விழாத இடத்தில் வேறொரு சட்டம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஃபிஃபாவோ 2019 முதல் 2022 வரையிலான நான்காண்டுகளில் 750 கோடி டாலர் வருவாய் ஈட்டியதாக அறிவித்தது. இறந்தோர், காயமுற்றோர், கூலி இழந்தோர் ஆகியோருக்கென 44 கோடி டாலர் ஒதுக்குமாறு ஆம்னஸ்டி அமைப்பு 2022இல் கோரியது. போட்டியின் பரிசுத் தொகைக்குச் சமமான அளவு அது. 2024 நவம்பரில் 5 கோடி டாலர் மரபு நிதியம் ஒன்றை ஃபிஃபா அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம், உலக வணிக அமைப்பு, அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் ஆகியவற்றின் திட்டங்களுக்கு அது செல்லும். நல்ல காரியங்களே. ஆனால் அந்த அரங்குகளையும் சாலைகளையும் கட்டியவரின் குடும்பத்துக்கு அதில் நேரடியாக ஒரு காசும் இல்லை. பிணை நின்றவர் பொறுப்பேற்பது என்பது கஃபாலாவின் பொருளாயின், இங்கே கஃபீல் யார் என்ற கேள்வி ஜூரிச் வரை செல்கிறது.

2024 டிசம்பர் 11இல், 2034ஆம் ஆண்டு உலகக் கோப்பை சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டது. ஐந்து நகரங்களில் 15 அரங்குகள். அவற்றுள் 11 புதியவை. கத்தரைவிடப் பரப்பிலும் பணியிலும் பன்மடங்கு பெரிய முயற்சி. அங்கும் 2021 மார்ச் முதல் வேலைமாற்றத்துக்குச் சில வழிகள் திறக்கப்பட்டன. வீட்டுப் பணியாளர் அதில் சேர்க்கப்படவில்லை. நம் ஊர்களிலிருந்து புதிய தலைமுறை ஒன்று அப்பணிகளுக்குப் பெட்டி கட்டும் என்பதில் ஐயமில்லை.

வேலை ஒப்பந்தத் தாளோடு அரபிக் கல்லூரிக்கு வந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்போர் முன்பும் உண்டு, இப்போதும் உண்டு. இரு பத்திகளாக அச்சிட்ட தாள். ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் அரபு. முகவர் படித்துக் காட்டியிருப்பது ஆங்கிலப் பகுதியை. கத்தரின் தொழிலாளர் சட்டப்படி, இரண்டுக்கும் இடையே வேறுபாடு நேர்ந்தால் அரபுப் பகுதியே செல்லும். நம் மாணவர்கள் கஃபாலாப் பாடத்தை ஓதும் வகுப்பில், அந்நூலின் அருகே 2020ஆம் ஆண்டின் 18, 19ஆம் எண் சட்டங்களின் அரபு மூலத்தையும் மாதிரி ஒப்பந்தம் ஒன்றையும் வைத்து இரண்டு பாடவேளை படிப்பித்தால், ஊருக்கு ஒருவராவது அத்தாளின் வலப்பக்கத்தைப் படித்துச் சொல்லக்கூடியவராக இருப்பார். இதற்குத் தனிப் பாடத்திட்டமோ அனுமதியோ வேண்டியதில்லை. வரும் ஷவ்வாலில் கல்லூரிகள் திறக்கும்போதே தொடங்கலாம்.